சிசிலி கேட்டது

தோ பாயோ,
சிங்கப்பூர்,
11 ஜனவரி 1981

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் துணையால் நானும் பிள்ளையும் சுகம். வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்களே, இப்போது எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் ஆசைப்பட்டபடியே சிசிலியை நம் கோயில் பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டேன். போன திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. நீலக் கட்டம் போட்ட கவுன், வெள்ளைக் காலணி. மற்றப் பிள்ளைகளெல்லாம் தாயைக் கட்டிக்கொண்டு அழுதபோது இவள் மட்டும் நேராக உள்ளே போய் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வகுப்புக்கு பிரிஜட் டீச்சர். பாடற்குழுவில் உங்களுக்கு முன் வரிசையில் நிற்பாரே, அவர்தான். "ஆம்ப்ரோஸ் அண்ணன் பொண்ணா? அப்ப கிறிஸ்மஸுக்கு சோலோ கன்ஃபர்ம் லா" என்று சிரித்தார்.

பாட்டு, ஜெபம், படம் வரைதல், கொஞ்சம் ஏ பி சி. பன்னிரண்டு மணிக்கு நான் போய் அழைத்து வருகிறேன். தையலை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவசரம் என்றால் பக்கத்து வீட்டுப் பூவம்மா அக்கா இருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் உர்சுலா


செரியா, புருணை,
1 பிப்ரவரி 1981

அன்புள்ள உர்சுலா,

கண்ணுக்கு ஒன்றுமில்லை. கம்பெனியில் புதுக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். உன் தலைவலி விட்டதா?

உன் கடிதத்தை என் அறையில் இருக்கும் கோவிந்தசாமிக்கும் படித்துக் காட்டினேன். பிள்ளை அழாமல் உள்ளே போனதில் என்னைவிட அவனுக்குப் பெருமை. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று போன வருடம் நான் விடுமுறையில் வந்தபோது நீ கவலைப்பட்டாய். எங்கள் வீட்டில் நாங்கள் எல்லாருமே தாமதமாகத்தான் வாய் திறந்தோம் என்று அப்போதே சொன்னேன். இத்தனை பிள்ளைகளோடு பாடி ஆடினால் தானாக வந்துவிடும், பார்.

கோவிந்தசாமி அடுத்த வாரம் விடுமுறையில் வருகிறான். அவனிடம் ஒரு கேசட் ரெக்கார்டர் கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் கேசட்டில் ஒரு பக்கம் நான் அவளுக்காகப் பாடியிருக்கிறேன். மறுபக்கம் காலி. அதில் அவள் குரலைப் பிடித்து அனுப்பு. பாட்டுத்தான் வேண்டும் என்றில்லை. "அப்பா" என்று ஒரு தடவை சொன்னால் போதும். சிரித்தாலும் போதும்.

பூவம்மா அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
ஆம்ப்ரோஸ்


தோ பாயோ,
1 மார்ச் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே மழை விடவில்லை என்று கோவிந்தசாமி அண்ணன் சொன்னார், நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதீர்கள்.

ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. உங்கள் பாட்டை இரண்டு முறை கேட்டேன். குரல் கொஞ்சம் கரகரக்கிறது, சளி பிடித்திருந்ததா? காலிப் பக்கத்தில் ஒன்றும் பதிவு செய்ய முடியவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சிசிலி வரைந்த படத்தை வைத்திருக்கிறேன். பச்சையாக இருப்பது நம் புளோக்கின் மின்தூக்கி. அது போன வாரம் முழுக்க ஓடவில்லை. பூவம்மா அக்கா ஒன்பது மாடி ஏறி வந்து, "இனி கீழயே பாய் போட்டுப் படுத்துக்கிறேன்" என்று என் வாசலில் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை பெய்த மழையில் காயப்போட்ட துணி எல்லாம் நனைந்தது.

பள்ளியில் எல்லாம் நன்றாகப் போகிறது.

உங்கள் உர்சுலா


செரியா,
22 மார்ச் 1981

உர்சுலாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேட்டரி கிடைக்காத ஊரா சிங்கப்பூர்? மின்தூக்கியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பிள்ளையைப் பற்றி ஒரு வரி.

கோவிந்தசாமி வந்ததிலிருந்து ஒரு மாதிரியாக இருந்தான். நேற்று சாப்பிடும்போதுதான் சொன்னான். "பின்னாடி நின்னு கூப்பிட்டேன் மச்சான். மூணு தடவ. திரும்பவே இல்ல. முன்னாடி போய் நின்னதும் சிரிச்சுக்கிட்டே ஓடி வருது." புது ஆளைக் கண்டால் பிள்ளைகள் அப்படித்தான் என்று அவனைச் சத்தம் போட்டேன். ஆனால் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

பள்ளியில் யாராவது அவளை அடித்தார்களா? பயந்துபோயிருக்கிறாளா? அந்தப் பள்ளி ஒத்துவரவில்லை என்றால் வேறு நல்ல பள்ளியாகப் பார். எனக்கு மறைக்காமல் எழுது.

ஆம்ப்ரோஸ்


தோ பாயோ,
17 மே 1981

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வேலைக்குப் போகும் முன் படிக்க வேண்டாம். வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

சிசிலிக்குக் காது கேட்காது.

உங்கள் மார்ச் கடிதம் வந்த வாரமே பிரிஜட் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் பிள்ளைகள் கண்ணை மூடி ஜெபம் சொல்லும்போது இவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொருத்தர் வாயாகப் பார்க்கிறாளாம். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒன்னு காட்டுறேன்" என்று சொல்லி, சிசிலி களிமண் உருட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு தகர மூடியைத் தரையில் போட்டார். நான் திடுக்கிட்டேன். ஆயா திரும்பிப் பார்த்தார். பிள்ளை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிரிஜட் டீச்சர் என்னைப் பார்க்காமல் மூடியைக் குனிந்து எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் ஒரு கருவி மாட்டிச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு காதுமே கேட்கவில்லை. பிறவியிலேயே இருக்கலாம், எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலிலும் போயிருக்கலாம், இனி அதைத் தேடிப் பயனில்லை என்றார் டாக்டரம்மா. காது கேளாத பிள்ளைகளுக்கென்று இங்கே பள்ளிகள் இருக்கின்றன, சீக்கிரம் சேர்த்துவிடுங்கள், இப்போதே நாலு வருடம் போய்விட்டது என்றும் சொன்னார். பாலர் பள்ளியில் போன மாதக் கடைசி வரை வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்களாலும் முடியாது.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். எனக்கு முன்பே தெரியும் அத்தான். போன வருடம் நீங்கள் வீட்டில் இருந்த மூன்று வாரமும், நீங்கள் "சிசிலி" என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் அவள் தோளைத் தொட்டு உங்கள் பக்கம் திருப்பினேன். அவள் சிரித்தாள், நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் இல்லாதபோது சட்டியைத் தட்டிப் பார்ப்பேன், கதவை அடித்துப் பார்ப்பேன். தரையில் உதைத்தால் திரும்புவாள். அதை வைத்துக்கொண்டு காது கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பேட்டரி தீரவில்லை. அந்தக் காலிப் பக்கத்தில் எதைப் பதிவு செய்து உங்களுக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உர்சுலா


செரியா,
5 ஜூலை 1981

தங்கச்சி உர்சுலாவுக்குக் கோவிந்தசாமி எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆம்ப்ரோஸ் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பயந்துகொண்டு உறையைப் பிரித்திருப்பாய்.

வேலைக்குப் போகிறான், வருகிறான். உன் கடிதம் தலையணை உறைக்குள் இருக்கிறது. "பதில் போட்டியா?" என்றால் "போடணும்" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறான். நான் உங்கள் மதம் இல்லையென்றாலும் முடிந்ததும் சேர்ந்து காப்பி குடிக்கலாம் என்று வெளியே நிற்பேன். முன்பெல்லாம் இவன் குரல் வாசல் வரைக்கும் வரும். இப்போது வருவதில்லை. சாமியார் கேட்டதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னானாம்.

பிள்ளையைப் பற்றி நான்தான் வந்து வாயை வைத்தேன். அதனால் உங்களுக்குள் சங்கடம் வந்திருந்தால் மன்னித்துக்கொள். நான் எழுதியது அவனுக்குத் தெரியாது.

பிள்ளைக்கு என் முத்தம்.

கோவிந்தசாமி


செரியா,
19 ஜூலை 1981

அன்புள்ள உர்சுலா,

நான் நலமாக இருக்கிறேன். உன் உடம்பும் பிள்ளையின் உடம்பும் எப்படி என்று கேட்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிடு.

பாடுகிறவர்களுக்குப் பாதுகாவலியான புனிதையின் பெயரைத் தேடிப் பிடித்து வைத்தவன் நான். ஞானஸ்நானத்தன்று பாடற்குழு முழுவதையும் நிறுத்திப் பாட வைத்தேன், நினைவிருக்கிறதா? அன்று அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். எத்தனை நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னோம்.

நீ அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாய் என்று படித்ததும் உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைப் பார்க்கவே இல்லையே. அதற்கு யார்மேல் கோபப்படுவது?

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். இங்கே என் மேற்பார்வையாளர் ரவூப்பின் தம்பி மகளும் இப்படித்தானாம். சிங்கப்பூரில் கன்னியர்கள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பள்ளி இருக்கிறது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசவே கற்றுக்கொடுப்பார்கள் என்றார். இன்னொரு பள்ளியில் எல்லாம் கைச் சைகைதானாம். அது வேண்டாம். பேருந்தில் கையை ஆட்டிப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நம் பிள்ளை பேச வேண்டும். கன்னியர் பள்ளியிலேயே சேர்த்துவிடு. இது என் முடிவு.

ஆம்ப்ரோஸ்


தோ பாயோ,
16 ஆகஸ்ட் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதித் தலைவலி போய்விட்டது. சிசிலிக்குச் சின்னச் சளி, மற்றபடி நாங்கள் சுகம்.

இரண்டு பள்ளிக்கும் போனேன். நீங்கள் சொன்ன பள்ளிக்குத்தான் முதலில். கன்னியர் அன்பானவர்கள், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி கட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர் போகிறது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, சிஸ்டருடைய தொண்டையில் ஒரு கை, தங்கள் தொண்டையில் ஒரு கை வைத்து, ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு பெண் ஏழு வயதில் "மதர்" என்று சொன்னாள், எனக்கே புரிந்தது. கொஞ்சம் கேட்கிற பிள்ளைகளுக்கு இது நன்றாக வரும் என்றார் சிஸ்டர். நம் பிள்ளைக்கு அந்தப் பெட்டியைக் கட்டிப் பார்த்தார்கள். அவள் ஒயரைப் பிடித்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"வீட்டுல என்ன மொழி?" என்று சிஸ்டர் கேட்டார். தமிழ் என்றேன். "இனிமே இங்கிலிஷ் மட்டும் பேசுங்க. ரெண்டு மொழி உதட்டுல வந்தா பிள்ளைக்குக் குழம்பிடும்" என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் கடையிலும் கிளினிக்கிலும் பேசுகிற அளவுதான். அதில் என் பிள்ளைக்கு நான் என்ன கதை சொல்வேன்? எப்படிக் கண்டிப்பேன், எப்படிச் சமாதானம் செய்வேன்?

மறுவாரம் மற்றப் பள்ளிக்குப் போனோம். இடைவேளை நேரம். கேண்டீனில் பெஞ்சு இழுக்கிற சத்தம், தட்டுச் சத்தம் எல்லாம் இருக்கிறது, பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை. ஆனால் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள் அத்தான். இரண்டு பெண்கள் பென்சிலுக்குச் சண்டை போட்டார்கள், கையாலேயே. ஒருத்தி சொன்னதற்கு மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திட்டு காதில் விழக்கூடாது என்று நாம் காதைப் பொத்திக்கொள்வோமே, அந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிசிலி என் கையை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றாள். எல்லார் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைப் பார்க்கவில்லை. ஒரு பெரிய பெண் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் பிஸ்கட்டில் ஒன்று கொடுத்து, இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டினாள். கால்மணி நேரம் கழித்து நம் பிள்ளை என்னிடம் வந்து, என் பையைக் காட்டி, அதே மாதிரி விரல்களைத் தட்டினாள். "இன்னும்" என்று அர்த்தமாம். பிறந்ததிலிருந்து என் சேலையை இழுத்துத்தான் எதையும் கேட்டிருக்கிறாள். அன்றுதான் கேட்டாள்.

அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நான் உங்கள் பேச்சைத் தட்டியிருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை. அடுத்த திங்கள் முதல் வகுப்பு.

உங்கள் உர்சுலா


செரியா,
13 செப்டம்பர் 1981

உர்சுலாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. போட்டது போட்டாயிற்று. பிள்ளையின் சளி குணமாயிற்றா என்று மட்டும் எழுது.

ஆம்ப்ரோஸ்


தோ பாயோ,
25 அக்டோபர் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

சளி எப்போதோ குணமாகிவிட்டது. ஒரு கிலோ எடைகூட ஏறியிருக்கிறாள். உங்களுக்கு என்மேல் வருத்தம் இருக்கும். இருந்தாலும் பள்ளியில் நடப்பதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

சனிக்கிழமைகளில் பெற்றோருக்கு வகுப்பு. நானும் பூவம்மா அக்காவும் போகிறோம். "நான் இவகிட்ட பேசாம பக்கத்து வீட்ல எப்படி இருக்கிறது?" என்று அவரே கிளம்பிவிட்டார். சொல்லிக்கொடுப்பவர் ஜலாலுதீன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறார். அவருக்கும் காது கேட்காது. எங்களுக்காகத் தமிழில் பலகையில் எழுதிக் காட்டுவார். முதல் நாள் நான் "சாப்பாடு" என்று நினைத்துக் காட்டியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் காட்டியது குதிரையாம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, "பல் தேய்த்தாயா?" என்று சிசிலியைக் கேட்டேன். "தேய்த்தேன்" என்றாள். போய்ப் பார்த்தால் பிரஷ் காய்ந்து கிடக்கிறது. திரும்பி வந்து, "பொய்" என்றேன். கண்ணை அகல விரித்து, "இல்லை, இல்லை, பிரஷ்தான் பொய்" என்று கை இரண்டையும் ஆட்டிச் சாதித்தாள். அத்தான், நான் அவளைக் கண்டிக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். பொய் சொல்கிற அளவுக்கு அவளுக்கு ஒரு பாஷை கிடைத்துவிட்டது. அவள் என்னிடம் கோபப்படுகிறாள், பேரம் பேசுகிறாள், பூவம்மா அக்காவின் நடையைப் பரிகாசம் செய்கிறாள். இத்தனையும் இவ்வளவு நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு விடுமுறை கிடைக்குமா? விமானம் இப்போது சாங்கியில் வந்து இறங்குகிறது. நாங்கள் வந்து நிற்போம்.

உங்கள் உர்சுலா


செரியா,
17 ஜனவரி 1982

அன்புள்ள உர்சுலா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த முறுக்கைக் கோவிந்தசாமி இரண்டே நாளில் முடித்துவிட்டான். விமான நிலையத்திலேயே உனக்கு இருமல் இருந்தது, மருந்து வாங்கினாயா?

வீட்டில் இருந்த மூன்று வாரமும் சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்த ஒன்றை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தேக்காவில் சட்டை எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்தோமே. நீ பைகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தாய். நானும் சிசிலியும் பின்னால். அவள் என் கையைத் தட்டிக் கூப்பிட்டு, ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. சிரித்துத் தலையாட்டினேன். அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு முறை, மெதுவாகக் கேட்டாள். உன்னிடம் அவள் எவ்வளவு வேகமாகப் பேசுகிறாள் என்று நான் பார்த்திருக்கிறேன், எனக்காக அவ்வளவு மெதுவாகக் காட்டினாள். அப்போதும் புரியவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டாள். எதிர் சீட்டில் இருந்த ஒரு சீனப் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலையில் நான் பயந்தது அதற்குத்தான். அவர் பார்த்ததில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, உர்சுலா. பிள்ளை என்ன கேட்கிறாள் என்று அவருக்காவது புரியுமா என்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னப் பிள்ளையை "பரவாயில்லை, விடு" என்று தேற்றுவோமே, அப்படி. ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளை என்னைத் தேற்றுகிறாள்.

அவள் பேச வேண்டும் என்று நான் உனக்கு உத்தரவு போட்டேன். அவள் பேசினாள். நீ அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது சரி. இதை அங்கேயே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சாங்கியில் சரக்குப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ரவூப் சொன்னார், விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். அது கிடைக்காவிட்டாலும் வருகிறேன். ஜலாலுதீனின் சனிக்கிழமை வகுப்பில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டு வை.

அவள் கேட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் என்னைச் சுட்டிக் காட்டினாள். அடுத்து கட்டை விரலைக் கன்னத்தில் வைத்து முன்பக்கமாக நகர்த்தினாள். கடைசியில் இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்த்து, புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அது என்ன கேள்வி?

உன் ஆம்ப்ரோஸ்


தோ பாயோ,
31 ஜனவரி 1982

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தைப் பூவம்மா அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். முழங்காலைத் தட்டிய இடத்தில் அவர் எழுந்து, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று போய்விட்டார்.

ஜலாலுதீன் இடம் இருக்கிறது என்றார். தாமதமாக வந்தால் வெளியே நிறுத்திவிடுவாராம்.

நீங்கள் எழுதியதை அப்படியே சிசிலிக்குச் செய்து காட்டினேன். உடனே தலையாட்டினாள், தான் கேட்டது அதுதான் என்று. நீங்கள், நாளை, வீடு. நாளைக்கும் வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஏப்ரலில் நீங்களே வந்து சொல்லுங்கள். கைவிரல்களை முட்டியாக மடக்கி, மணிக்கட்டை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும், தலையாட்டுகிற மாதிரி. அதுதான் "ஆமாம்". அதுவரை கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் உர்சுலா